‘ஆற்றல் திறன்’ என்ற குழப்பம்

ஃபேன் பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டைப் பற்றி யார் தமிழில் எழுதினாலும் ‘ஆற்றல் திறன்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எஃபிஷியன்சிக்கு அதுதான் தமிழாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எஃபிஷியன்சி லத்தீன் வழி வந்த சொல். ‘செய்து முடித்தல்’ அதன் வேர்ப்பொருள். பொறியியலில் அது ஒரு விகிதம்: உள்ளே கொடுத்ததில் எவ்வளவு பயனாக வெளியே வந்தது என்பது. அவ்வளவுதான்.

நம் பள்ளி இயற்பியலில் ஆற்றல் என்றால் எனர்ஜி, திறன் என்றால் பவர். வாட்டில் அளப்பது திறன். இரண்டு வேறு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மூன்றாவது ஒன்றுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பாடநூல் கிடக்கட்டும். மேலூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்பவரிடம் ‘ஆற்றல் திறன் மிகுந்த மோட்டார்’ என்று சொல்லிப் பாருங்கள். 5 எச்பியை எடுத்துவிட்டு ஏழரை எச்பி மாட்டச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். எச்பியைக் குதிரைத்திறன் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே! சொல்ல வந்ததோ, அதே தண்ணீரைக் குறைந்த மின்சாரத்தில் இறைக்கும் மோட்டார். கேட்பவருக்குத் தலைகீழாகப் புரிகிற ஒன்றைக் கலைச்சொல் என்று தூக்கிவைத்துக் கொண்டாட என்னால் முடியாது.

‘மின்சிக்கனம்’ என்பவர்களும் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் சிக்கனம் ஆள் செய்வது. ஆளில்லாத அறையில் ஃபேனை அணைப்பது சிக்கனம். பழைய ஃபேன் 75 வாட்டில் தரும் காற்றை தூரிகையில்லா மோட்டார் வைத்த புது வகை பிஎல்டிசி ஃபேன் ஏறக்குறைய 30 வாட்டில் தருவது இயந்திரத்தின் குணம். டவுன்ஹால் ரோட்டுக் கடைப் பையன் ‘கரண்டு கம்மியா இழுக்கும்ணே’ என்கிறான். அதில் குழப்பமே இல்லை. பைக்குக்கு மைலேஜ் கேட்கிறோமே, அதுவும் விகிதம்தான். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டிய நேரத்தில் கடைத்தெருவுக்குக் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம்.

இலங்கைத் தமிழரின் ‘வினைத்திறன்’ இதைவிடத் தேவலை. ஆனால் அலுவலரின் சுறுசுறுப்புக்கும் அதே சொல்தான். என் ஓட்டு, மேல்நிலைப் பாடத்தில் வெப்ப இயந்திரத்துக்குச் சொல்லும் ‘பயனுறுதிறன்’ என்பதற்கே. அதிலும் திறன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ‘பயனுறு’ முன்னால் நின்று அதைத் திமிறவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இந்த நட்சத்திரச் சீட்டுக்கு அடிப்படையான சட்டத்தின் பெயரே தமிழில் சரியாக வரவில்லை. 2001ஆம் ஆண்டு ‘எனர்ஜி கன்சர்வேஷன்’ சட்டத்தை ‘எரிசக்தி பாதுகாப்புச் சட்டம்’ என்று எழுதுகிறார்கள். எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் போடும் சட்டமா அது? சேமிப்புச் சட்டம் ஐயா! அதன் கீழ்தான் எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று அரசு வரையறுக்கிறது. 2006இல் நட்சத்திரச் சீட்டு வந்ததும் அப்படித்தான். வரைவு வரும், கருத்துக் கேட்பார்கள், தயாரிப்பாளர்கள் மல்லுக்கு நிற்பார்கள். சீலிங் ஃபேனுக்கு அங்கே நடக்கிற பேரமெல்லாம் ஒரு வாட்டுக்கு நிமிடத்தில் எத்தனை கனமீட்டர் காற்று என்பதன் மேல்தான். அதைப் போய் ‘குறைந்தபட்ச ஆற்றல் திறன்’ என்று தமிழாக்கினால், மோட்டாரின் பலத்துக்குக் கீழ்வரம்பு வைக்கிறார்கள் என்று நினைத்து, சிறு பட்டறைக்காரர் சம்பந்தமில்லாத ஆட்சேபத்தை எழுதி அனுப்புவார். ‘குறைந்தபட்சப் பயனுறுதிறன்’ என்று அச்சிட்டு, ஒரு வாட்டுக்கு இத்தனை காற்று என்று அடுத்த வரியிலேயே போட்டுவிடட்டும்.