கருவேல மரத்தில் ஒட்டிய கசகசா

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி படம் அனுப்பியிருந்தார். வற்றிய கண்மாய்க்குள் ஒரு நாட்டுக் கருவேல மரம். போன மழைக்குத் தண்ணீர் நின்ற உயரம் வரை அடிமரத்தில் சாம்பல் நிறப் பொருக்கு. "உரசினா கசகசா மாதிரி உதிருது, கை அரிக்குது. பூச்சி முட்டையா சார்?"

முட்டை இல்லை, அது பஞ்சு. மன்னார் வளைகுடாவில் வலையில் சிக்கி வரும் கடற்பஞ்சின் நன்னீர்ச் சொந்தக்காரர். துளையுடலிகள் என்று பள்ளியில் படித்தோமே, அதே கூட்டம்தான். துளைகள் வழியே தண்ணீரை இழுத்து, பாக்டீரியாவை வடிகட்டித் தின்னும் விலங்கு. பல ஆயிரம் பஞ்சு இனங்களில் நன்னீருக்கு வந்தவை இருநூற்றுச் சொச்சம்தான். பம்பாய்க் குளங்களில் இருந்தவற்றை எச். ஜே. கார்ட்டர் என்ற மருத்துவர் 1849-லேயே விவரித்து எழுதியிருக்கிறார்.

அரிப்புக்குக் காரணம் பஞ்சின் எலும்புக்கூடு. கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் ஆன நுண்ணிய ஊசிகள். சின்ன வயதில் கண்மாயில் குளித்து அரிப்போடு வந்தால், அம்மன் கோபம் என்று அப்பத்தா வேப்பிலையைத் தேய்த்து விடுவாள். தேய்க்கத் தேய்க்க ஊசி இன்னும் உள்ளேதான் போயிருக்கும்!

சரி, அந்தக் கசகசாவுக்கு வருவோம். அதன் பெயர் ஜெம்யூல். தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும், எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்களைப் பஞ்சு சிறு சிறு கூட்டமாகச் சேர்க்கிறது. பக்கத்துச் செல்கள் இவற்றுக்குத் தீனி ஊட்டிக் கொழுக்க வைக்கின்றன. ஊருக்குப் போகிறவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதுபோல. பிறகு அந்தக் கூட்டத்தைச் சுற்றி ஒரு கெட்டி உறை. அதற்கு மேல், பல இனங்களில், காற்றறைகள் நிறைந்த ஓர் அடுக்கு. அதற்குள் காவலுக்கு ஊசிகள். சில இனங்களில் இந்த ஊசியை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே அச்சில் இரண்டு பல்சக்கரங்களை மாட்டியதுபோல இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. உருண்டையில் ஒரு சின்ன வாசல், அதுவும் சவ்வால் அடைத்தது.

தாய்ப் பஞ்சு செத்து உதிர்ந்துவிடும். ஜெம்யூல் பங்குனி, சித்திரை வெயிலில் மரத்திலேயே கிடக்கும். சில காற்றோடு போகும், சில நாரையின் காலில் ஒட்டிய சேற்றோடு அடுத்த கண்மாய்க்குப் போகும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதும் வாசல் திறந்து, செல்கள் வரிசையாக வெளியே வழிந்து, மரத்தில் படர்ந்து, சில நாட்களில் புதுப் பஞ்சைக் கட்டிவிடும். ஒரே பஞ்சின் இரண்டு ஜெம்யூல்கள் அருகருகே முளைத்தால், இரண்டும் ஒட்டி ஓருடலாகிவிடும்.

இப்போது சைபீரியாவுக்குப் போவோம். பைக்கால் ஏரியின் ஆழம் 1642 மீட்டர், வயது ஏறக்குறைய இரண்டரைக் கோடி ஆண்டு. அங்கே வெளிச்சம் எட்டும் பாறைகளில், உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு, பச்சைப் பசேலென்று ஒரு மீட்டர் வரை கிளைவிட்டு வளர்கிறது லுபோமிர்ஸ்கியா என்ற நன்னீர்ப் பஞ்சு. உலகில் வேறெங்கும் கிடையாது. வற்றாத ஏரியில் கட்டுச்சோறு எதற்கு? இந்தக் குடும்பப் பஞ்சுகள் ஜெம்யூல் செய்வதே இல்லை. 2011 வாக்கில் இவற்றில் ஒரு நோய் கவனத்துக்கு வந்தது. உள்ளிருக்கும் பாசி அழிகிறது, நிறம் போகிறது, திசு அழுகுகிறது. நம் கண்மாய்ப் பஞ்சைப்போல உறைக்குள் ஒடுங்கி, நல்ல காலம் வரட்டும் என்று காத்திருக்க அதற்கு வழியில்லை.

பைக்காலில் என்ன குறைகிறது என்று தெரிவதற்குக் காரணம், அங்கே ஆள் வைத்து எண்ணுகிறார்கள். நம் ஊரில் கடற்பசுவுக்குக் கிடைக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்கைக் கண்மாய்ப் பஞ்சுக்குக் கொடுத்தால்கூடப் போதும் என்பேன். தூர் வாரும்போது மடைக்கல்லையும் பழைய மரத்தையும் சேர்த்து வழித்துவிடுகிறோம். பஞ்சு ஒட்டிக்கொள்வதே அவற்றில்தான்.

அந்த மாணவிக்கு எழுதிய பதில் இவ்வளவுதான்: பொருக்கில் கொஞ்சம் எடுத்து, வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் மழைத் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். வெயில் படாமல் வைத்து ஒரு வாரம் பாருங்கள். உருண்டை பக்கத்தில் வெள்ளையாகப் பொட்டு தெரிந்தால் பஞ்சு முளைத்துவிட்டது. அப்புறம், அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள். பிரேசிலில் ஆற்றில் குளித்த பிள்ளைகளின் கண்ணில் இந்த ஊசி ஏறி, பார்வையே பாதிக்கப்பட்டிருக்கிறது.