கம்பியில் எண் பெரிதானால் வீடு உறுதியாகிவிடுமா?

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சுவருக்கும் கல்தூணுக்கும் ஒரே வேலைதான்: மேலிருந்து வரும் பாரத்தைத் தரைக்குக் கடத்துவது. சிக்கல், குறுக்கே கிடக்கும் உத்திரத்துக்கு. பாரம் ஏறும்போது அதன் மேல்பாதி அமுங்குகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது. பர்மா தேக்கு இரண்டையும் தாங்கும். அதனால்தான் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து முகப்பிலும் பட்டாலையிலும் போட்டார்கள். காங்கிரீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அமுக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்க அதனிடம் உண்டு. மீதியைக் கம்பி பார்த்துக்கொள்கிறது.

இன்று காரைக்குடியில் புது மனை வாங்கிக் கட்டுபவரானாலும், பங்கு பிரித்த வளவின் பின்கட்டை இடித்துத் தளம் போடுபவரானாலும், கம்பிக் கடையில் கேட்பது ஒரே கேள்வி: 500 வாங்குவதா, 550 வாங்குவதா? விலை கொஞ்சம் கூடினாலும் பெரிய எண்ணே நல்லது என்று கடையிலும் சொல்கிறார்கள், வீட்டிலும் நம்புகிறார்கள். குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை நான் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அந்த எண் எதைக் குறிக்கிறது? கம்பிக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 1786. அதில் ரகத்தை ‘எஃப்.இ. 500’ என்பதுபோல எழுதுவார்கள். எஃப்.இ. என்பது இரும்பின் வேதிக்குறியீடு. 500 என்பது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் விசை வரை இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்பதைச் சொல்கிறது. 12 மி.மீ. கம்பி ஒன்றில் கணக்குப் போட்டால், ஏறக்குறைய ஐந்தே முக்கால் டன் தொங்கவிட்ட பிறகுதான் அது நிரந்தரமாக நீளத் தொடங்கும்.

அந்த எல்லையைத் தாண்டிய பின் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 20 மி.மீ. கம்பியில் 100 மி.மீ. நீளத்தைக் குறித்துவைத்து அறுந்துபோகும்வரை இழுக்கிறார்கள். எஃப்.இ. 500 கம்பியில் அந்த நீளம் குறைந்தது 112 மி.மீ. ஆக வேண்டும். 550 என்றால் 110 போதும். 500 டி என்றால் 116. இந்த ‘டி’தான் கவனிக்க வேண்டிய எழுத்து. இழுபட்டு நீளும் குணம் கூடுதல் என்பதற்கான அடையாளம் அது. கரியும் கந்தகமும் பாஸ்பரசும் இதில் குறைவாக இருக்க வேண்டும். சாதா 500-ல் கரி 0.30 சதவீதம் வரை போகலாம், 500 டி-யில் 0.25தான். நீளும் கம்பி முறிவதற்கு முன் எச்சரிக்கும்: உத்திரம் தொய்யும், அடியில் விரிசல் தெரியும், ஆட்கள் வெளியேற அவகாசம் கிடைக்கும். நீளாத கம்பி சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. 415 ஆனாலும் 550 ஆனாலும், சாதாரண பாரத்தில் கம்பி எவ்வளவு நீளும் என்பது எல்லா ரகத்துக்கும் ஒன்றுதான். எஃகின் விறைப்பு ரகத்துக்கு ரகம் மாறுவதில்லை. ஆகவே 550 வாங்கி, ‘வலு கூடுதல்தானே’ என்று கம்பியின் அளவைக் குறைத்தால், மிஞ்சிய கம்பி ஒவ்வொன்றும் கூடுதலாக இழுபடும். விரிசல் அகலும், தளம் தொய்யும். ஒரு கம்பி முடிந்து அடுத்தது தொடங்குமிடத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கும் ஒட்டு நீளமும் பத்து சதவீதம் கூட்டியாக வேண்டும். பெரிய பாலத்துக்கும் பல மாடிக் கட்டடத்துக்கும் 550-க்கு நியாயம் உண்டு. இரண்டு மாடி வீட்டுக்கு 500 டி போதும். பொறியாளர் வரைபடத்தில் எழுதிய ரகத்தை, கடையில் இருப்பு இல்லை என்பதற்காக மாற்றுவதும் கூடாது.

இன்று கடையில் கிடைக்கும் டி.எம்.டி. கம்பி, அதாவது உருட்டலோடு சூட்டையும் குளிரையும் கொடுத்துப் பதப்படுத்திய கம்பி, இவ்வளவு வலுவையும் வளைவையும் ஒன்றாகப் பெறுவது எப்படி? உருட்டாலையிலிருந்து செந்தணலாக வெளிவரும் கம்பியின் மேல் அழுத்தமாகத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். மேற்தோல் மட்டும் சட்டென்று குளிர்ந்து மார்ட்டன்சைட் என்ற கடினமான அமைப்பாகிறது. உள்ளே இன்னும் நெருப்பு. அந்தச் சூடு மெல்ல வெளியேறும்போது தோலைப் பதப்படுத்துகிறது; மையம் மென்மையாகவே ஆறுகிறது. அறுத்த முனையை நன்றாகத் தேய்த்து, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தை ஆய்வகத்தில் தடவினால், ஓரத்தைச் சுற்றி ஒரு கரிய வளையம் எழும்பி வரும். வளையம் ஒரே தடிமனாக முழுச் சுற்றும் இருந்தால் தண்ணீர் சீராகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெல்டிங் கேஸால் சூடாக்கி வளைப்பவர்கள் இந்தத் தோலைத்தான் கெடுக்கிறார்கள்.

ஆய்வகம் வேண்டாம், தராசு போதும் என்கிற சோதனையும் உண்டு. கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க, 0.888 கிலோ. சரியாக ஒரு மீட்டர் வெட்டி நிறுத்துப் பாருங்கள். தனித்துண்டில் 6 சதவீதம் வரை குறையலாம், அதாவது 835 கிராம் வரை. அதற்கும் கீழே போனால் திருப்பி அனுப்பலாம். எடைக்கு வாங்குகிறவருக்கு இதில் பண நஷ்டம் இல்லை, தளத்தில்தான் எஃகு குறையும். கம்பிக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்குகிறவருக்கோ இரண்டு பக்கமும் இடி. கம்பியின் மேல் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரையும் ரகத்தையும், கட்டோடு வரும் அட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்க்கத் தவறாதீர்கள்.

துரு என்றதும் இவ்வூர்க்காரர்களுக்கு ஒரு வசதி. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி, காரைக்குடியிலேயே இந்த விஷயத்தை ஆராய்ந்துவருகிறது. கம்பிக்கான சிமென்ட்-பாலிமர் பூச்சும் அங்கே உருவானதுதான். நல்ல காங்கிரீட் காரத்தன்மை மிக்கது. அது கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். துருவுக்கு இரும்பைவிட இடம் இரண்டு மடங்குக்கு மேல் தேவை. அது உள்ளேயிருந்து காங்கிரீட்டைப் பிளக்கும். வாங்கும்போது லேசான பழுப்புப் படிந்திருந்தால் கவலையில்லை, செதில் செதிலாக உதிர்ந்தால் வேண்டாம்.

‘துருப்பிடிக்காத’ கம்பிக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன், கம்பிக்கு வெளியே காங்கிரீட் எவ்வளவு தடிமன் நிற்கிறது என்று பாருங்கள். தளத்தில் 20 மி.மீ., தூணில் 40, அஸ்திவாரத்தில் 50. இதற்குக் கம்பியின் அடியிலும் பக்கத்திலும் இடைவெளி விட வைக்கும் சிறு சிமென்ட் கட்டையான கவர் பிளாக் வையுங்கள்; மேஸ்திரி கையில் அகப்பட்ட ஜல்லியையும் டைல்ஸ் துண்டையும் செருக விடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் முதலில் சோதித்துவிடுங்கள்: கம்பி போட்ட காங்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காங்கிரீட் இறுக, மேலே ஊற்றி நீராற்றும் தண்ணீருக்கும் அதே சோதனை பொருந்தும்.