ரத்தம் ஏற்றும் முன் மறுபடி மறுபடி பெயர் கேட்பது ஏன்?

"காலையிலிருந்து நாலு தடவை பேரைக் கேட்டுட்டாங்க" என்று வார்டில் நோயாளிகள் சலித்துக்கொள்வது வழக்கம். மற்ற நேரம் எப்படியோ, ரத்தம் ஏற்றும்போது சிஸ்டர் கேட்கும் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். கிராஸ் மேட்ச், அதாவது நோயாளியின் ரத்தமும் பையில் உள்ள ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை, எவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தாலும், பை பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டால் அத்தனையும் வீண். ஓ குரூப்காரருக்கு ஏ குரூப் ரத்தம் ஏறினால், அவர் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள் அந்தச் சிவப்பணுக்களை ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைக்கத் தொடங்கும். சிறுநீரகம் பழுதாகலாம், ரத்தம் உறையும் தன்மை கெடலாம், உயிரும் போகலாம். முழுப் பை ஏற வேண்டியதில்லை, சில மில்லிலிட்டர் போதும்.

நம் ஊரில் பெயரை மட்டும் நம்ப முடியாததற்குக் காரணங்கள் உண்டு. ஒரே வார்டில் இரண்டு 'ஆர். லட்சுமி' இருப்பது சாதாரணம். கல்யாணமான பெண்ணுக்கு ஆதாரில் அப்பா இனிஷியல், காப்பீட்டு அட்டையில் கணவர் இனிஷியல். பிறந்த குழந்தைக்குப் பெயரே கிடையாது, அம்மா பெயரில்தான் பதிவு. இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் சிக்கல். அதனால்தான் பெயரோடு ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) சேர்த்துப் பார்க்கிறோம். கட்டில் எண் அடையாளமே ஆகாது, மதியம் கட்டில் மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கை பெயரில் உள்ள காப்பீட்டு அட்டையில் அக்காவைச் சேர்ப்பது சிலருக்குப் பணம் மிச்சமாகத் தெரியலாம். ஆனால் கோப்பில் ஏறுவது அக்காவின் ரத்த குரூப். பின்னாளில் தங்கை நிஜமாகவே வந்து படுக்கும்போது அந்தப் பழைய பதிவு அவருக்கே ஆபத்து.

தவறு பெரும்பாலும் பைக்கு முன்பே, மாதிரி எடுக்கும் டியூபிலேயே தொடங்கிவிடும். நாலு டியூபில் முன்கூட்டியே லேபிள் ஒட்டிவைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவதும், ரத்தம் எடுத்த டியூபை நர்ஸிங் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் எழுதுவதும் வேகமான வழிகள்தான். இடம் மாறுவதும் அங்கேதான். எடுத்த கையோடு, கட்டில் பக்கத்திலேயே, நோயாளியின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அடையாளக் கைப்பட்டையைப் பார்த்துப் பெயர், ஐ.பி. நம்பர், தேதி, நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரு நோயாளியை முடித்த பிறகுதான் அடுத்தவர்.

ரத்த வங்கியிலிருந்து பையை வாங்கிவர உறவினரையே அனுப்பும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி நீங்கள் போக நேர்ந்தால் இதைக் கவனியுங்கள். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. வெளியே எடுத்த 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வழியில் டீ குடிக்க நிற்கக் கூடாது. வார்டு ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு, அதில் குளிர் ஒரே சீராக இருக்காது. பிளேட்லெட் (தட்டணு) பை நேர்மாறு: 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே வைக்கப்படுவது. டெங்கு சீசனில் அக்கறையோடு ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவருபவர்கள் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். "ரொம்ப ஜில்லுனு இருக்கே" என்று ரத்தப் பையை வெந்நீரில் போடுவதும் அப்படித்தான்: அணுக்கள் உடைந்துவிடும். வேகமாக, நிறைய ஏற்ற வேண்டிய நிலையில் மட்டும் அதற்கென உள்ள கருவியில் சூடாக்குவார்கள்.

பை வந்ததும் இரண்டு பேர் கட்டிலருகே நின்று பார்க்க வேண்டும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் தலையாட்டினால் அது ஒருவர் பார்த்ததற்குச் சமம். பை எண், குரூப், காலாவதித் தேதி, கிராஸ் மேட்ச் தாள், கைப்பட்டை ஆகியவற்றை இருவரும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். "நீங்க முருகன்தானே?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் காது கேளாதவரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "உங்க பேரு என்ன?" என்று கேட்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்குக் கைப்பட்டைதான் வாய். அது அறுந்து போயிருந்தால், புதிது கட்டும்வரை அவசரமில்லாத எந்தப் பையும் ஏறக் கூடாது.

ரத்தம் ஏறும் அதே குழாயில் குளுக்கோஸ் ஓடக் கூடாது, சிவப்பணு உடையும். ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் திரவமும் கூடாது: அதிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைக்கலாம். நார்மல் சலைன் (உப்புக் கரைசல்) மட்டும் சரி.

முதல் 15 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். காய்ச்சல், நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல், ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், சிவந்த சிறுநீர், "என்னமோ பண்ணுது" என்ற பதற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். டாக்டர் வரட்டும் என்று ஓடவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஊசியை எடுக்காமல், குழாயை மாற்றிப் புதிய செட்டில் சலைன் போட்டு, பையையும் கைப்பட்டையையும் மறுபடி ஒப்பிட வேண்டும். மீதிப் பை, குழாய், புதிதாக எடுத்த ரத்தம், சிறுநீர் எல்லாம் ரத்த வங்கிக்குப் போக வேண்டும். பையைக் குப்பையில் போட்டுவிட்டால் காரணமும் அதோடு போய்விடும். இப்படிப்பட்ட எதிர்விளைவுகளைப் பதிவு செய்ய 2012 முதல் இந்தியாவில் ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. குற்றவாளி தேடும் இடமாக அதைப் பார்த்தால் யாரும் பதிவு செய்ய மாட்டார்கள்.

பிரச்சினை இல்லாவிட்டாலும் ஒரு பை 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அறை வெப்பத்தில் கிருமி பெருகும். வயதானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். பொதுவாக ஒரு பைக்கு ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராம் கூடும். ஒன்று ஏற்றிப் பார்த்து அடுத்ததை முடிவு செய்வதே நல்லது.

வீட்டுக்குப் போன பிறகு ஐந்து முதல் பத்து நாளில் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ மறுபடி சோகையோ வந்தால், ரத்தம் ஏற்றிய தேதியை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.