பகா எண், பகாக் காரணி: நம்ம பின்கோடை வச்சு ஒரு சொல் விளக்கம்

அண்ணன் பொண்ணு ஏழாவது, இங்கிலீஷ் மீடியம். நேத்து கூரியர் கவரை கையில வச்சுக்கிட்டு "சித்தப்பா, நம்ம பின்கோடு ப்ரைமா?"ன்னு கேட்டா. நாங்க கடலூர் திருப்பாப்புலியூர், 607002. ப்ரைம்னா 1-ஐ விடப் பெரிசா, 1-ஆலயும் தன்னாலயும் மட்டுமே மீதியில்லாம வகுபடுற எண். ரெட்டப்படையில முடியுதே, எப்படி ப்ரைம் ஆகும்னேன். "சரி, ப்ரைம்னா தமிழ்ல என்ன?" பகா எண். "பகான்னா?" இங்கதான் மேட்டரே.

பகுன்னா பிரி, கூறு போடு. பகுதி, பங்கு, பகிர் எல்லாம் ஒரே குடும்பம். பகாத எண்ணுங்கறதுல 'த' விழுந்து பகா எண் ஆயிடுச்சு, செல்லாத காசு செல்லாக்காசு ஆன மாதிரி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்னு இதுக்குப் பேரு, பேரைக் கேட்டு ஓடிடாதீங்க. அதனாலதான் 'பகாக் காரணி'ன்னு நடுவுல க் போட்டு எழுதணும், பாதிப்பேரு விட்டுடுறாங்க. கணக்குக்காகப் புதுசா செஞ்ச வார்த்தையும் இல்ல, நன்னூல்லயே பகுபதம், பகாப்பதம் இருக்கு: பொன்னன்ங்கறதை பொன், அன்னு பிரிக்கலாம், நீர்ங்கறதை பிரிச்சா ஒண்ணும் தேறாது.

ப்ரைம்ங்கறது லத்தீன் ப்ரைமஸ், அதாவது முதல். ப்ரைம் மினிஸ்டர்ல வர்ற அதே ப்ரைம். கிரேக்கத்துல யூக்ளிட்ங்கற கணக்கு மேதை 'முதல் எண்'ணுன்னு சொன்னதோட மொழிபெயர்ப்பு. இலங்கைல அந்த வழியிலயே முதன்மை எண்ணுன்னு சொல்றாங்க. எனக்கு பகா தான் புடிக்குது, ஏன்னா முதல்னா எதுக்கு முதல்னு கேக்கணும், பகான்னா சொல்லும்போதே வேலை தெரிஞ்சுடுது.

ஃபேக்டர், அதாவது ஒரு எண்ணை மீதியில்லாம வகுக்குற எண்? லத்தீன்ல ஆக்குறவன், செய்யறவன்னு அர்த்தம். நம்ம காரணி காரணத்துலேர்ந்து வந்தது, வடமொழி வேர்தான், அதுலயும் 'செய்'ங்கற பொருள்தான் இருக்கு.

இப்ப 607002. 2-ஆல போகும். இலக்கத்தைக் கூட்டுனா 15, அதனால 3-ஆலயும் போகும். ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டுங்க: 6+7+0=13, 0+0+2=2, வித்தியாசம் 11, அப்ப 11-ஆலயும் போகும். மூணுத்தாலயும் வகுத்தா மிச்சம் 9197. இங்க பாப்பா மாட்டிக்கிட்டா, 7, 13ன்னு போட்டுப் பாத்து பென்சிலை கடிச்சா, 17 போட்டதும் 541 வந்துச்சு. 541 பகா எண், அதுவும் வரிசையில சரியா நூறாவது. ஆக 607002 = 2 × 3 × 11 × 17 × 541. எதுவும் ரெண்டு தடவை வரல. நம்ம ஊரு பேரும் இப்படித்தான், முழுப்பேரு திருப்பாதிரிப்புலியூர், அதை திரு, பாதிரி, புலி, ஊர்னு கழட்டலாம் (இலக்கண வாத்தியார் யாரும் அடிக்க வராதீங்க).

"1-ஐயும் பிரிக்க முடியாதே, அப்ப அதுவும் பகாவா?"ன்னா. நல்ல கேள்வி, இங்க தமிழ் வார்த்தை கொஞ்சம் இடறுது. 1 பகாவும் இல்ல பகுவும் இல்ல. அதைச் சேத்தா 1 × 1 × 2 × 3ன்னு ஒரே எண்ணை இஷ்டத்துக்கு எழுதலாம், காரணிப்படுத்துறதுக்கு ஒரே வழிதான்ங்கற விதி போயிடும்.

அடுத்து கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பின்கோடு 607003-ஐ எடுத்துக்கிட்டா. 2, 3, 11, 17, 541 எதால வகுத்தாலும் மீதி 1 தான் வரும், நம்ம பின்கோடை விட ஒண்ணுதானே கூட. யூக்ளிட் பகா எண்களுக்கு முடிவே இல்லன்னு காட்டுனதும் இதே ட்ரிக்தான், கையில இருக்குற பகா எண்ணெல்லாம் பெருக்கி ஒண்ணைக் கூட்டிட்டாரு, அதை அந்தப் பழைய பகா எண் எதுவும் வகுக்காது, அப்ப புதுசா ஒண்ணு இருந்தே ஆகணும். அதை அவகிட்ட நான் இன்னும் சொல்லல, 23 வரைக்கும் அவளே வகுத்துப் பாத்துட்டு இருக்கா.