டோர்ச் கேட்ட பிள்ளைக்கு ரிமோட் கார் எதற்கு?

டிசம்பர் பிறந்துவிட்டால் மலையகத்து முன்பள்ளிகளிலும் தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களிலும் ஒரே கேள்விதான்: "நத்தார் தாத்தா உனக்கு என்ன கொண்டு வரணும்?" இதில் வேதக்காரப் பிள்ளை, சைவப் பிள்ளை என்ற பேதமெல்லாம் கிடையாது. சிவப்புச் சட்டைத் தாத்தா எல்லாருக்கும் பொது. சிறுபிள்ளைகளோடு வேலை செய்யும் உளவளத்துணையாளர் என்பதால் அந்தப் பதில்களை நிறையவே கேட்டிருக்கிறேன். சிலவற்றைக் கீழே சொல்கிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நாலு வயதுக்காரி ஒருத்தி கேட்டது அவித்த முட்டை. "பாதி இல்ல மிஸ், முழுசு." இன்னொருவனுக்கு பஸ் கண்டக்டர் வைத்திருக்கும் டிக்கெட் மெஷின். பொம்மை மெஷின் வேண்டாமாம், "கிர்ருன்னு பேப்பர் வர்றது"தான் வேண்டுமாம். ஒரு பிள்ளைக்குத் தன் உயரத்துக்கு ஏற்ற கொழுந்துக் கூடை. வேறொரு பிள்ளை, கொட்டகலையில் நிற்கிற ரயில் தன் லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பக்கமும் ஒருக்கா நின்று போக வேண்டும் என்றது.

அப்புறம் அந்த டோர்ச். கேட்டவன் லயத்தில் இருக்கும் ஐந்து வயதுப் பையன். அவன் வீட்டுக் கழிப்பறை வெளியே, நாலைந்து படி இறங்கிப் போக வேண்டும். இரவில் அப்பாவின் போன் வெளிச்சத்தில்தான் போவார்கள். அப்பா வேலைக்குப் போன இரவில் போனும் அவரோடு போய்விடும். இதையெல்லாம் அவன் தானாகச் சொல்லவில்லை, கேட்டபோதுதான் வந்தது. அவன் அம்மா சிரித்தார். "என்னங்க மிஸ், இதெல்லாம் ஒரு ஆசையா? கொழும்புல இருக்கிற மாமா ரிமோட் கார் வாங்கி வச்சிருக்காரு." அதைக் கேட்டதும் பையன் விசாரித்த ஒரே விஷயம், அந்தக் காருக்கு முன்னால் லைட் இருக்கிறதா என்பதுதான்.

பெரியவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். பிள்ளை சின்னதாக ஒன்றைக் கேட்டால் 'பாவம், அதற்குப் பெரிதாக ஆசைப்படத் தெரியவில்லை' என்று முடிவு கட்டி, நாமே அந்த ஆசையைப் பெரிதாக்கிவிடுகிறோம். மூன்று முதல் ஆறு வயது வரை பிள்ளைக்கு விலை என்பதே சரியாகப் புரியாது. ஒரு இருபது ரூபாய்த் தாளைவிட ஐந்து ஒரு ரூபாய்க் குற்றிகள் பல பிள்ளைகளுக்குப் பெரிய காசு. அந்த வயதில் ஆசை கடைக் கண்ணாடியிலிருந்து வருவதைவிட, தினமும் கண்ணால் பார்ப்பதிலிருந்தும் கை எட்டாததிலிருந்தும் வருவதே அதிகம். முழு முட்டை கேட்டவள் முழு முட்டையைத்தான் கேட்டாள்.

அதனால் பெற்றோரிடமும் டீச்சர்மாரிடமும் நான் சொல்வது, இரண்டாவதாக ஒரு கேள்வி கேளுங்கள் என்பதுதான். "ஏன் அது வேணும்?" என்று கேட்காதீர்கள். ஏன் என்றால் சிறுபிள்ளைக்குக் காரணம் சொல்லத் தெரியாது, திட்டுகிறார்கள் என்றுகூட நினைத்துக்கொள்ளும். "அது வந்ததும் என்ன செய்வே?" என்று கேளுங்கள். முட்டைக்காரி சொன்ன பதில்: "அண்ணனுக்குக் காட்டிட்டுத் தின்னுவேன்." எல்லா ஆசைக்கும் பின்னால் பெரிய துயரம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று தோண்டவும் வேண்டாம். டிக்கெட் மெஷின் பையனுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. பல முன்பள்ளிகளில் பெற்றோரே பரிசை வாங்கி, பெயர் எழுதி, இரகசியமாக டீச்சரிடம் கொடுத்துவிடுவார்கள். விழா அன்று தாத்தா பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரு பிள்ளைக்குப் பெரிய பெட்டி, பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் பந்து. 2024இல் கூட்டிக் கொடுத்த பிறகும் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டி இரண்டு மூன்று நாள் முழுப் பேரையே, அதாவது முழு நாட்கூலியையே விழுங்கிவிடும். இது நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. "குழப்படி செய்தா நத்தார் தாத்தா ஒண்ணும் தரமாட்டார்" என்று டிசம்பர் முழுக்க மிரட்டி வைத்திருக்கிறோம். அப்படியானால் பந்து கிடைத்த பிள்ளை என்ன கணக்குப் போடும்? தான்தான் கெட்ட பிள்ளை என்று நேராகவே முடிவு செய்யும். விழா முடிந்த வாரத்தில் "நான் குழப்படியா மிஸ்?" என்று வந்து நிற்கிற பிள்ளைகள் உண்டு. அந்த மிரட்டலை இந்த வருடமே விட்டுவிடுங்கள்.

கடையில் வாங்க முடியாத ஆசைகளும் வரும். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளை "அம்மா வரணும்" என்றால், "வருவாங்க, வருவாங்க" என்று சமாளிக்க வேண்டாம். நத்தாருக்கு வரமாட்டார் என்பதைச் சொல்லிவிட்டு, அவர் எந்த நாளில் எத்தனை மணிக்குப் பேசுவார் என்று கலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். அந்த நேரத்தை அம்மாவும் தவற விடக் கூடாது. "அப்பா அடிக்காம இருக்கணும்", "கதவுக்குப் பூட்டு வேணும்" என்பது போன்ற பதில் வந்தால் அது வேறு விஷயம். துருவித் துருவி விசாரிக்காதீர்கள், பிள்ளை சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்.

சரி, டோர்ச் வாங்குவது என்று முடிவானால் பென் டோர்ச் பெட்டரி போடுவதாக, மூடியைத் திருகாணியால் முறுக்கி இறுக்குவதாகப் பார்த்து வாங்குங்கள். சந்தையில் கிடைக்கும் குட்டி வெளிச்ச விளையாட்டுப் பொருட்கள் பலவற்றில் சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையான பெட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கி, உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தானாக வெளியே வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை நமக்குத் தெரிந்ததுதானே, உடனே 1990 அம்பியூலன்ஸுக்கு அழையுங்கள். விழாவில் வெடித்த பலூன் துண்டுகளையும் பிள்ளைகள் வாயில் போட விடாமல் பொறுக்கிவிடுங்கள்.

முன்பள்ளிகள் நவம்பரில் நடத்தும் பெற்றோர் கூட்டத்திலேயே ஒரு விலையைப் பேசி முடிக்கலாம். அதற்கு மேல் யாரும் வாங்குவதில்லை, பெரிய பரிசு கொடுக்க நினைப்பவர்கள் வீட்டில் வைத்துக் கொடுக்கட்டும். பிள்ளையின் ஆசையை ஒரே தடவை கேட்டுவிட்டுக் கடைக்கு ஓட வேண்டாம், காலையில் கேட்டது மாலையில் மாறும். மூன்று நாள் விட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் டோர்ச் என்றால் டோர்ச்சையே வாங்குங்கள், மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.