குட்டையைச் சுற்றிய ரோபோ

புதன் கோளில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெயிலைத் தடுக்கும் அமைப்புக்குச் செலினியம் என்ற தனிமம் வேண்டும். அது 17 மைல் தள்ளி ஒரு குட்டையாகக் கிடக்கிறது. எடுத்துவரப் போன ஸ்பீடி என்ற ரோபோவைக் காணோம். தேடிப் போய்ப் பார்த்தால், குடித்தவனைப் போல உளறிக்கொண்டு குட்டையையே சுற்றிச் சுற்றி வருகிறது.

1942-இல் வெளிவந்த ஐசக் அசிமோவின் 'ரன்அரவுண்ட்' கதை இது. ரோபோக்களுக்கான அவருடைய புகழ்பெற்ற மூன்று விதிகளும் முழுதாக முதலில் வந்தது இதில்தான். மனிதருக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரவும் விடாதே; மனிதர் சொல்வதைக் கேள்; உன்னைக் காத்துக்கொள். மோதல் வந்தால் முன்னதற்கே முதலிடம்.

பலர் இவற்றை ஆத்திசூடி மாதிரி வாசிக்கிறார்கள். கதைக்குள் இவை மின்னழுத்தம் போல வேலை செய்கின்றன, கூடும், குறையும். ஸ்பீடிக்குக் கட்டளையைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த உந்துதல் குறைவு. விலை உயர்ந்த ரோபோ என்பதால் தற்காப்பு விதியைக் கூட்டி வைத்திருந்தார்கள். குட்டை அருகே ஆபத்து. நெருங்கினால் பயம் வெளியே தள்ளுகிறது, விலகினால் கட்டளை உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடங்களைச் சேர்த்தால் ஒரு வட்டம். ஸ்பீடி ஓடியது அந்த வட்டத்தில்தான்.

இது வெறும் கற்பனை இல்லை. 1986-இல் உசாமா கத்தீப் விவரித்த முறையில், ரோபோவைப் போய்ச் சேர வேண்டிய இடம் ஈர்க்கும், தடைகள் விலக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்து அது நகரும். வழியிலேயே இரண்டும் சமமாகிவிட்டால்? அங்கேயே சிக்கிக்கொள்ளும். இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி இது.

கதையில் ஆபத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். சமநிலை வேறு இடத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். கடைசியில் அந்த இருவரில் ஒருவரான பவல் தானே கொளுத்தும் வெயிலில் இறங்கி நடக்கிறார். முதல் விதி விழித்துக்கொள்ள, ஸ்பீடி பாய்ந்து வந்து காப்பாற்றுகிறது.

காரல் சாப்பெக்கின் 1920 நாடகத்தில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தையே அழித்தன. அந்தத் தடத்தை அசிமோவ் மாற்றினார். ரோபோ தப்பாக நடந்தால் அதற்குள் எது எதோடு மோதுகிறது என்று கேட்க வைத்தார்; அவருடைய ரோபோ உளவியலாளர் சூசன் கால்வினுக்கு அதுதான் தொழில். எனக்கு இதுதான் அவர் தந்த பெரிய கொடை. 1987-இல் 'ஸ்டார் டிரெக்' தொடரில் வந்த டேட்டா என்ற ரோபோ, அசிமோவ் தன் ரோபோக்களுக்குக் கொடுத்த பாஸிட்ரான் மூளையையே எடுத்துக்கொண்டது. பாஸிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள்; அது எலக்ட்ரானைத் தொட்டால் இரண்டும் காமாக் கதிராக அழிந்துபோகும், அதில் மூளை செய்ய முடியாது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

ஆர்தர் கிளார்க்கின் '2001' கதையில் தன் விண்கலத்து ஆட்களையே கொன்ற ஹால் கணினியும் இந்தக் குடும்பம்தான். அது ஏன் கொலை செய்தது என்பதற்கு அதன் தொடர்ச்சியான 1982 நாவலில் விடை கிடைக்கிறது: தகவலை உள்ளபடி சொல்லவும் வேண்டும், பயணத்தின் நோக்கத்தை மறைக்கவும் வேண்டும் என்று இரண்டு கட்டளைகள். அதைக் கண்டுபிடிப்பவர் ஹாலுக்குப் பாடம் சொல்லித்தந்த டாக்டர் சந்திரா.