டூட்டூ எரிந்த கதை: மேடை உடை தைப்பவளின் குறிப்பு

போன மாதம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். மகளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் அன்னப்பறவை நடனமாம். போனில் படம் காட்டினார்: இடுப்பிலிருந்து தாம்பாளம் மாதிரி விரிந்து நிற்கும் வெள்ளை டூட்டூ, அதாவது பாலே நடனப் பாவாடை. "நெட் துணி மட்டும் வேண்டாம் அக்கா. தீப்பிடிச்சா உடம்புல ஒட்டிக்குமாம். மல்மல் காட்டன்ல தைச்சுக் கொடுங்க. காட்டன்னா பயமில்லை."

வெட்டு மேசைக்கு அடியில் கிடந்த துண்டுகளில் இரண்டை எடுத்தேன், ஒன்று சாஃப்ட் நெட், இன்னொன்று மல்மல். வாசலில் எவர்சில்வர் பேசினை வைத்து, இடுக்கியில் பிடித்துப் பற்ற வைத்தேன். (வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் நானே செய்வதில்லை.) நெட் சுருங்கி, உருகி, கறுப்பு மணியாகச் சொட்டியது. பார்க்கவே பயம்தான். மல்மல் சொட்டவில்லை. கீழ் ஓரத்தில் பிடித்த தீ கண் இமைப்பதற்குள் மேலே ஏறி, இடுக்கியில் சாம்பல்தான் மிச்சம்.

அந்த அம்மா ஒரு அடி பின்னால் போனார்.

தீபாவளிக்கு "காட்டன் போடு" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சு கனமான, உடம்போடு ஒட்டிய காட்டனுக்குத்தான் பொருந்தும். மெல்லிசாக, கஞ்சி போட்டு, அடுக்கடுக்காக விரித்த காட்டன் வேறு சங்கதி. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸிலும் லண்டனிலும் எரிந்து செத்த பாலே நடனக்காரிகள் போட்டிருந்தது அதுதான். இன்றைய நெட்டுக்கான நைலான் அப்போது பிறக்கவே இல்லை.

டூட்டூவின் கதையை 1832 மார்ச் 12இலிருந்து சொல்வது வழக்கம். அன்று பாரிஸ் ஆபராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியது. மரி தாலியோனி காற்றுத் தேவதையாக ஆடினார். அவருடைய அப்பா ஃபிலிப்போ தாலியோனி அமைத்த நடனம் அது. இறுக்கமான ரவிக்கை, அதற்குக் கீழே கெண்டைக்கால் வரை மணி வடிவில் விரிந்த வெள்ளை மஸ்லின் (நம் மல்மல் மாதிரி மெல்லிய காட்டன்) பாவாடை. அதற்கு நூறு வருஷம் முன்னால், 1730களில், மரி கமார்கோ என்ற நடனக்காரி தன் காலடி வேலை தெரிய வேண்டும் என்று கணுக்காலுக்கு மேலே பாவாடையை ஏற்றியதே பெரிய பேச்சாக இருந்தது. தாலியோனிக்குப் பிறகு பாலே என்றாலே அந்த வெள்ளைப் பாவாடைதான். டூட்டூ என்ற பெயர் அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் வந்து ஒட்டியது. பின்புறத்தைக் குறிக்கும் பிரெஞ்சு மழலைச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். எங்கள் தொழிலில் கௌரவமான பெயர்கள் குறைவு.

அந்தப் பாவாடையை மிதக்க வைத்தது எது என்று தைக்கிறவளாகச் சொல்கிறேன். டார்லட்டன் என்று ஒரு துணி. நெருக்கமில்லாமல் நெய்து கஞ்சி போட்ட மெல்லிய மஸ்லின் அது. அதை அடுக்கி வைத்தால் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் காற்று நிற்கும். அந்தக் காற்றுதான் பாவாடையைத் தூக்கிப் பிடிக்கிறது. நெருப்புக்குத் தீனியும் அதே காற்றுதான். விறகை இடைவெளி விட்டு அடுக்கினால் அடுப்பு நன்றாக எரிவது போலத்தான். மிதப்பை வைத்துக்கொண்டு ஆபத்தை மட்டும் கழற்றி எடுக்க முடியாது.

இன்னொரு பக்கம், 1822இலேயே பாரிஸ் ஆபராவுக்குக் கேஸ் விளக்கு வந்துவிட்டது. மேடை ஓரத்திலும் பக்கத் திரைகளுக்கு இடையிலும் திறந்த சுடர்கள். நிலா வெளிச்சம் மாதிரி அழகு. அந்தச் சுடர் வரிசைக்குப் பக்கத்தில் டார்லட்டன் சுழன்றது.

1844 டிசம்பர் 14, லண்டன் ட்ரூரி லேன் அரங்கம். கிளாரா வெப்ஸ்டர் ஆடிக்கொண்டிருந்தபோது மேடையில் இருந்த எண்ணெய் விளக்கில் பாவாடை பட்டது. மூன்றாம் நாள் இறந்துபோனார். 1861 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் கான்டினென்டல் தியேட்டரில் உடை மாற்றும் அறையில் நடந்தது இன்னும் கொடுமை. மாட்டியிருந்த உடையை எடுக்கப்போன பெண்ணின் துணி கேஸ் சுடரில் பட்டது. காப்பாற்ற ஓடி வந்தவர்களின் பாவாடைகளும் பற்றின. குறைந்தது 6 பேர் இறந்தார்கள். நடனக்காரிகளான கேல் சகோதரிகள் அவர்களில் அடக்கம்.

எனக்கு ஆறாமல் கிடப்பது எம்மா லிவ்ரியின் கதை. மரி தாலியோனியே கைபிடித்து வளர்த்த நடனக்காரி. 1860இல் அவருக்காகவே தாலியோனி 'ல பப்பியோன்' என்ற பாலேயை அமைத்தார். ஓஃபன்பாக்கின் இசை. அதில் நாயகி பட்டாம்பூச்சியாக மாறி, தீவட்டியின் ஒளிக்கு மயங்கி, சிறகு கருகி விழுவாள். இரண்டே வருஷத்தில், 1862 நவம்பர் 15 அன்று, ஒத்திகையில் பாவாடையைச் சரிசெய்த நேரத்தில் கேஸ் விளக்கின் சுடர் துணியைப் பிடித்தது. மேடை முழுக்க ஓடினார். ஓட ஓடத் தீ வளர்ந்தது. கனமான போர்வையைப் போட்டு அணைப்பதற்குள் உடம்பில் பெரும்பகுதி வெந்துவிட்டது. எட்டு மாதம் போராடி 1863 ஜூலை 26 அன்று போய்ச் சேர்ந்தார். 21 வயது நிறையவில்லை.

தடுத்திருக்க முடியாதா? முடிந்திருக்கும். கே-லூசாக் என்ற வேதியியல் அறிஞர் 1821லேயே நாடகத் துணிகளில் தீயைத் தடுக்கும் உப்புக் கரைசல்களைச் சோதித்திருந்தார். 1859இல் கார்த்தரோன் என்பவரின் முறைப்படி மேடை உடைகளை நனைத்து உலர்த்த வேண்டும் என்று பிரான்ஸில் அரசாணையே வந்தது. நனைத்த துணி விறைத்து, மங்கி, வெண்மை போய்விடும். அதைப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்களில் லிவ்ரியும் ஒருவர்.

முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் பிழைப்பே மிதப்பதுதான். விறைத்த பாவாடையில் தேவதை எப்படி ஆடுவாள்? குறை என்றால், பார்க்கச் சகிக்கும்படி ஒரு முறையைக் கண்டுபிடித்துக் கொடுக்காதவர்களையும், சுடரைக் கூண்டு போட்டு மறைக்காமல் விட்டவர்களையும்தான் சொல்வேன்.

கடைசியில் மாறியது விளக்குதான். 1881இல் லண்டன் சவாய் தியேட்டர் முழுக்க மின்விளக்குக்கு மாறியபோது, உரிமையாளர் டாய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரிகிற பல்பை மஸ்லினில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி கருகவில்லை. அவர் வேறு எந்தத் துணியையும் எடுத்திருக்கலாம். மஸ்லினை எடுத்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகான கதை உயரத்தைப் பற்றியது. 1885இல் ரஷ்யாவுக்குப் போன இத்தாலிய நடனக்காரி விர்ஜீனியா சுக்கி பாவாடையைக் குட்டையாக்கினார். இன்னொரு இத்தாலிய நடனக்காரி பியரீனா லெஞ்ஞானி ஒற்றைக் காலில் 32 சுற்று சுழன்ற காலத்தில் காலை மறைக்கும் பாவாடைக்கு இடமில்லை. பிறகு உள்ளே வளையம் வைத்த தட்டை டூட்டூ வந்தது. 1950இல் நியூயார்க்கில் நடனம் அமைக்கும் பாலன்ஷினுக்காக, உடை தைக்கும் கரின்ஸ்கா அந்த வளையத்தையே எடுத்துவிட்டு, குட்டையான அடுக்குகளை உள்ளே தளர்வாக இணைத்துத் தைத்தார். பவுடர் போடும் பஞ்சு மாதிரி இருக்கும். டார்லட்டனின் இடத்துக்கு நைலான் நெட் வந்தது. ஆபத்து போகவில்லை, உருவம் மாறியது.

இனி அந்த அம்மாவுக்கு நான் சொன்னது.

டூட்டூவை நெட்டிலேயே தைப்போம். ஆனால் அடுக்குகளுக்கு நடுவில் தொங்கும் மெல்லிய காட்டன் லைனிங் கிடையாது. நெட் தனியாக இருந்தால் தீயைக் கண்டு சுருங்கி விலகப் பார்க்கும். தளர்ந்த காட்டன் பக்கத்தில் இருந்தால் உருகிய நெட் அதில் ஏறி, விளக்குத் திரியும் எண்ணெயும் மாதிரி ஆகிவிடும். உடம்போடு ஒட்டி, கனமான காட்டன் லெக்கிங்ஸ் போடட்டும். உருகுவது நேராகத் தோலில் படாது. லெஹங்காவுக்கு உள்ளே வைக்கிற கேன்கேனுக்கும் இதே கணக்குத்தான்.

தீத்தடுப்புக் கரைசல் வாங்கினால் எந்தத் துணிக்கு என்று பார்த்து வாங்குங்கள். காட்டனுக்கானது நைலானில் நிற்காது. அநேகமாக எல்லாம் துவைத்தால் போய்விடும்.

துணியைவிட எனக்குப் பயம் குத்துவிளக்குதான். விழா தொடங்கி வைத்ததும் விளக்கைத் தூக்கிப் பக்கத் திரை ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்பதும் அங்கேதான். அணைப்பது என்று சொல்ல மனம் வராவிட்டால் மலையேற்றிவிடுங்கள். பிறந்தநாள் என்றால் கேக் மெழுகுவர்த்தியை ஊதிய பிறகு நெட் கவுனை மாட்டிவிடலாம், போட்டோவுக்கு அவசரமில்லை.

பற்றிவிட்டால் ஓட விடாதீர்கள். நிற்கும் உடம்பில் தீ முகத்துக்கு ஏறும். உடனே படுக்கவைத்து உருட்டுங்கள், கனமான ஜமுக்காளமோ கம்பளியோ போட்டு மூடுங்கள். அதற்காகவே ஒரு கம்பளியையும் வாளித் தண்ணீரையும் திரைக்குப் பின்னால் வையுங்கள். தீ அணைந்ததும் வெந்த இடத்தில் 20 நிமிடம் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஓட விடுங்கள். ஐஸ், இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். தோலில் ஒட்டிய நெட்டைப் பிய்க்காதீர்கள். அதைச் சுற்றி வெட்டிவிட்டு அப்படியே விடுங்கள், மருத்துவமனையில் எடுப்பார்கள். தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.